மலைதாங்கி விழுகிற விளையாட்டு

மாடிப்படியில் பீரோ இறக்குவதற்குத் தோள் அவ்வளவு வேண்டாம் ஐயா, வாய்தான் வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்பார்கள்; முதல் திருப்பத்திலேயே விரலை நசுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன்.

வீடு மாற்றுகிற வேலையில் நாங்கள் ஜோடியாகத்தான் தூக்குவோம். படி இறங்கும்போது ஒருவன் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பான். அவனை ‘முதுகு’ என்போம். பாரத்தில் முக்கால்வாசி அவன்மேல் சாயும். ஆனால் முகத்துக்கு நேரே தகரத்தைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. மேலே பிடிப்பவன் ‘வாய்’. பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, “படி… படி… தரை” என்று அவன் சொல்லச் சொல்ல, முதுகு காலை வைப்பான். தரை என்று காதில் விழுந்தால் யோசிக்க மாட்டான். மொத்த எடையையும் அந்தக் காலில் இறக்கிவிடுவான். அதனால் வாயாக நிற்பவன் அந்த நேரத்தில் இருமக்கூட மாட்டான். காலையில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட இரண்டு பேர், மதியம் ஒருவன் வார்த்தையை ஒருவன் நம்பிப் படி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் வாய். என் ஜோடிதான் முதுகு. கழுத்து நீளம் என்பதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். “என் பொண்டாட்டி சொன்னாக்கூட ரெண்டு தடவை யோசிப்பேன். நீ சொன்னா காலை வச்சுருவேன்டா” என்பான்.

எனக்குப் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மகள் சின்னவளாக இருந்தபோது, காலி செய்த ஒரு வீட்டில் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன புத்தகக் கட்டு ஒன்றை எடுத்துவந்தேன். கதவுக்காட்டுக் கதைகள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். அதைப் படிக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? காட்டில் தொலைந்துபோன அக்கா, தம்பி. அவர்கள் வீடு திரும்ப ஒரே ஒரு கதவு. அது தரையில் பட்டால் பிறகு திறக்காது. அந்தக் கதவை மலைதாங்கி என்கிற கூலியாள் முதுகில் சுமந்து, மலையும் ஆறும் தாண்டிக் கொண்டுபோவான். அவனுக்கு மந்திரம் தெரியாது, கையில் வாளும் இல்லை. மற்றவர்கள் பறப்பார்கள், மறைவார்கள். அவன் நடப்பான். ஓர் இடத்தில் அந்தக் காட்டு ராணி, “கொஞ்சம் இறக்கி வையேன்” என்பாள். “இறக்கி வச்சா அப்புறம் நான் யாரு, தாயி?” என்பான்.

அதைத் திக்கித் திக்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். மகள் என் தோளில் சுமை தூக்கும் பட்டை அறுத்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீதானே மலைதாங்கி?”

அதற்கு முன் நான் எந்தக் கதையிலும் இருந்ததில்லை. இருந்தாலும் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிற ஆளாக இருப்பேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். எவ்வளவு நொந்து வந்தாலும், “மலைதாங்கி வந்தாச்சு” என்று அவள் கதவைத் திறப்பாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அந்தக் கதைகளைக் கம்ப்யூட்டர் கேமாகப் போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. மகள் அதற்குள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். அவளைவிட நான்தான் காத்திருந்தேன். ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்து, ஒட்டகத்தின் மைத்துனனை வைத்துச் சரிசெய்தேன். கேம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

காடு நன்றாகத்தான் இருந்தது. ராணியும் பரவாயில்லை. கடைசியில் மலைதாங்கி வந்தான். தொந்தி, பிதுங்கின கண், ஒழுகுகிற மூக்கு. கதவைத் தூக்கிக்கொண்டு நாலடி வைத்தான். இடறித் தொப்பென்று விழுந்தான். கதவு உடைந்து உள்ளேயிருந்து தங்கக் காசு சிதறியது. அதைப் பொறுக்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அவன் அழுதுகொண்டே கதவை ஒட்டவைத்து மறுபடி தூக்குவான். ஒரு பட்டனை அழுத்தினால் மறுபடி விழுவான்.

மகள் அழுத்தினாள். “அய்யோ அப்பா, இங்க பாரேன், எப்படி விழறான்னு பாரேன்.”

“புத்தகத்துல அவன் விழவே மாட்டானேம்மா.”

“புத்தகத்துல பட்டன் இல்லையேப்பா.”

வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பொம்மை விழுந்ததுக்கு நீங்க ஏன் அடிபட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?”

நாங்கள் இருந்தது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சாயந்திரம் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறிவரும்போது மகளும் சிநேகிதிகளும் படியில் உட்கார்ந்திருப்பார்கள். நான் காலை வைக்கும்போதெல்லாம் ஒருத்தி “தொப்” என்பாள். முதலில் மகள், “ஏய், சும்மா இருடி” என்றாள். பிறகு அப்படிச் சொல்வதில்லை. பிறகொரு நாள் அந்தத் தொப் அவள் குரலிலேயே வந்தது. நானும் சிரித்தேன். பிள்ளைகள்தானே. பிள்ளைகள் தட்டில் போட்டதைத் தின்னும். சமைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

சமைத்தவரை மகளே போனில் காட்டினாள். கேமுக்குக் கதை பண்ணியவர் என்று பேட்டி எடுத்திருந்தார்கள். சின்ன வயசு, நல்ல சிரிப்பு. “புத்தகத்துல அந்த ஆளு ரொம்ப போருங்க. சும்மா தூக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கான். நாங்கதான் அவனுக்கு உயிர் கொடுத்தோம்” என்றார்.

அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபக்காரன் போய்க் கல்லெறிந்துவிட்டு வருவான். எனக்கு அந்த ஆள் எந்தப் படியில் இறங்குவார் என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

கேம் ஓடினால் ஆபீஸ் பெரிதாகும். பெரிதானால் இடம் மாறும். மாறினால் எங்களில் ஒரு கூட்டத்தைத்தான் கூப்பிட வேண்டும். காத்திருந்தேன், சுமக்கிறவனுக்குப் பொறுமை தொழிலோடு வந்துவிடும். அந்த வேலை வேறொரு மேஸ்திரிக்குப் போயிருப்பது காதில் விழுந்ததும், எங்கள் மேஸ்திரியிடம் சொல்லி மாற்றிக்கொள்ளச் செய்தேன்.

“அங்க லிஃப்டு ரிப்பேராம்டா. முட்டி கழண்டுரும்” என்றார்.

“பரவாயில்லண்ணே. படி இருக்குல்ல” என்றேன்.

அன்று மதியத்துக்குள் எல்லாம் இறங்கிவிட்டது. பழைய படங்களை அடைத்துவைத்த இரும்பு அலமாரி ஒன்றை மட்டும் நான் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். உள்ளே இருப்பதை எடுத்தால் கலைந்துவிடும், அப்படியே கொண்டுபோங்கள் என்றார்கள். மற்ற இடங்களில் காலி செய்து தரச் சொல்லி மல்லுக்கட்டுவேன். அன்று சரி என்றேன். ஒட்டகமும் நானும் கடைசித் திருப்பம் வரைக்கும் இறக்கி, மூச்சு வாங்க நின்றோம். அப்போது அவர் வந்தார். கூடவே போனைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்.

“அண்ணே, நானும் ஒரு கை பிடிக்கிறேன். மலைதாங்கி மாதிரி ஒரு வீடியோ. சும்மா, ஜாலிக்கு.”

பொருளுக்கு உரியவனைப் பாரத்தில் கை வைக்க விடக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம். அவன் பொருளைப் பார்ப்பானே ஒழிய காலைப் பார்க்க மாட்டான். ஒட்டகம் அதை மரியாதையாகவே சொன்னான்: “வேணாம் சார். பாக்கத்தான் தகரம், பிடிச்சா எமன்.”

“ஆசைப்படறாருல்ல, விடுடா. கொஞ்சம் படிதானே” என்றேன் நான்.

ஒட்டகம் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் சொன்னது நான். பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். நானே அதை அவர் தோளில் மாட்டி, முறுக்கு இல்லாமல் சரிசெய்தேன்.

“நான் சொல்றத மட்டும் கேளுங்க. கீழ பாக்காதீங்க.”

“சரிண்ணே.”

படி என்றேன், வைத்தார். படி என்றேன், வைத்தார். சொன்ன பேச்சுக் கேட்கிற ஆள். அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

“எப்படிண்ணே தினம் இதைச் செய்யறீங்க… உண்மையச் சொன்னா, புத்தகத்துல எனக்குப் பிடிச்ச ஆளே மலைதாங்கிதான். அவன விழ வைக்க வேணாம்னு சண்டையே போட்டேன். மேல இருக்கறவங்க கேக்கல. பேட்டில வேற அப்படிப் பேசச் சொல்லிட்டாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. பாரம் பிடித்திருக்கிறவனுக்குப் பொய் சொல்ல மூச்சு பத்தாது. நான் நம்பினேன். நம்பியதால் எதுவும் மாறிவிடவில்லை. தூக்கியாகிவிட்டது.

அவருக்குப் பின்னால் இறங்க வேண்டிய படிகளில் இன்னும் பாதி இருந்தது. “தரை” என்றேன்.

அவர் காலை முழுசாக வைத்தார். அப்போதும் மேல்பட்டை என் கையில்தான் இருந்தது. பிடித்திருந்தால் நின்றிருக்கும், அதைவிடக் கனத்தை ஒற்றை ஆளாக நிறுத்தியிருக்கிறேன். விரலைத் திறந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவு. அலமாரிக்கும் தரைக்கும் நடுவில் அவர் இருந்ததால் அப்படி இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எல்லோரும் விபத்து என்றார்கள். உங்கள் ஆட்களும் வந்து பார்த்துவிட்டு, கூலியாள் கை நழுவவிட்டான் என்று முடித்தார்கள். ஒட்டகம் என்னைக் கட்டிக்கொண்டு, “என் இடத்துலடா அவரு நின்னாரு, நான் கொடுத்திருக்கக் கூடாதுடா” என்று அழுதான். தட்டிக்கொடுத்தேன். அதோடு விட்டிருப்பேன்.

அந்தப் பெண் எடுத்த வீடியோ எப்படியோ வெளியே போய்விட்டது. அவர் விழுகிற இடத்தை வெட்டிவிட்டு, மேலே வெறுங்கையோடு நிற்கிற என்னை மட்டும் காட்டி, கேமில் வருகிற சத்தத்தை யாரோ சேர்த்திருந்தார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் எல்லார் போனிலும் நான் ஓடினேன்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். “கை நழுவிருச்சாப்பா உனக்கு?” என்று கேட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை, செத்தவருக்காக வருத்தம்கூட இல்லை. வெட்கம். என்னைத் தன் அப்பா என்று சொல்லிக்கொள்கிற வெட்கம்.

மறுநாள் நானாக நடந்து உங்களிடம் வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். தப்பாக இருந்ததைத் திருத்த வந்தேன். என் கையிலிருந்து எதுவும் நழுவவில்லை. படி இருப்பதைக் கண்ணால் பார்த்து, தரை என்று சொல்லி, பட்டையை நானாக விட்டேன். கொல்வதற்காக விட்டேன். ஒட்டகத்துக்கு இதில் ஒன்றும் தெரியாது. இதை என் மகளுக்கு ஒரு வார்த்தை குறையாமல் படித்துக்காட்டுங்கள் என்று போன தடவையே கேட்டுக்கொண்டேன்.

படித்துக்காட்டியாயிற்று என்கிறீர்கள். நல்லது. அப்பா தடுமாறுகிற ஆள் இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். முதலில் பரீட்சை இருந்தது, அதனால் பார்க்க வரவில்லை. இப்போது பரீட்சை முடிந்து, அம்மாவும் மகளும் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் சரிதான். வீடு மாற்றுகிற நேரத்தில் யாருக்கு ஐயா கை ஒழியும்? சாமானெல்லாம் அடுக்கி முடித்ததும் வருவாள்.