வக்கீலம்மா விரட்டிய ஆள்

பிறர் வீட்டு விஷயம் என்று பல வருடம் தயங்கி, கடவுள் மேல் பாரத்தைப் போட்டு இதை எழுதுகிறேன். டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் நிலப் பத்திரம் பார்க்கும் வக்கீலம்மா. பக்கத்தில் நின்ற ரெட்டியபட்டிக்காரர் சொன்னார்:

"அன்னைக்கு என்னய வெரட்டுனீகள்ல, அதனாலதான் இப்ப உங்களத் தேடி வாரேன்."

"தங்கச்சி கையெழுத்து இல்லாம பூர்வீகக் காட்டு நெலத்த விக்கக் கெளம்புனீக. அத முடிச்சுக் குடுத்த வக்கீல்ட்டயே போக வேண்டியதுதான?"

"எம் மகளுக்கு நெலம் வாங்குறேன்மா. யாரு கையெழுத்தும் விட்டுப்போயிறக் கூடாது."

வக்கீலம்மா சிரித்தார். "வெரட்டுன ஆளுக திரும்பி வந்துதான் இருபது வருசமா எம் பொழப்பு ஓடுது. தங்கச்சி எங்க இருக்காக?"

"பாளையம்பட்டிதான். பேச்சுவார்த்தை இல்ல."

"அவுக பங்கக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் மக பத்திரத்தப் பாக்குறேன்."

பாளையம்பட்டியில் பஸ் நின்றபோது ரெட்டியபட்டிக்காரர் அசையாமல் நின்றார். பஸ் கிளம்பியதும், "ஏப்பா, நிப்பாட்டு, எறங்கணும்!" என்று கத்தினார்.

கேட்டது இவ்வளவுதான். நீங்களும் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள்.