நிறுத்தி வெச்ச பெட்டிகள்

கத்தாதீங்க சுரேந்திரன், உக்காருங்க. மழையில கோத்தகிரியிலருந்து இறங்கி வந்திருக்கீங்க. தேயிலை வெட்டற உங்க கத்திரிப் பெட்டிகளைத் தூத்துக்குடியில நிறுத்துனது கஸ்டம்ஸ்காரங்கதானுங்க.

ஆமாங்க, எழுதிக் குடுத்தது நாந்தான். மறைக்கலீங்களே. இந்த மலைக்கு அந்த ஜப்பான் கத்திரிக்கு ஏஜென்ட்டு நானு. கம்பெனி அதோட முத்திரையை கஸ்டம்ஸ்ல பதிஞ்சு வெச்சிருக்குது. வெளிநாட்டுலருந்து வர்றது போலியா இருக்கும்னு தோணுச்சுன்னா நாங்க தகவல் குடுக்கலாமுங்க, அவங்க நிறுத்தலாம். மொதல்லயே நிரூபிக்கணும்னு இல்லீங்க. சந்தேகம் போதும்.

சீசன் போயிருமா? போயிருமுங்க. மழை விட்டு நாலு வெயில் அடிச்சா இலை தள்ளிட்டு வந்துரும், தோட்டக்காரங்க கத்திரி இல்லாம நிப்பாங்களா, வேற கடைக்குத்தான் போவாங்க. போலிக்காரன்னு பஜார்ல பேசறாங்களா? பேசத்தானுங்க செய்வாங்க.

போனைக் குடுங்க, போட்டோவைப் பாக்கறேன். பிளேடுக்கு அடியில நம்பர் குத்தியிருக்குது பாருங்க. அசலுங்க. சுத்த அசல். நீங்க சிங்கப்பூர் கடையில வாங்கி வரவழைச்சா போலியாயிருமா?

எழுதும்போதே தெரியுமுங்க எனக்கு.

எந்திரிக்காதீங்க, இன்னும் முடியலீங்க. வாசுகின்னு உங்க கடையில பில்லு போட்டுட்டிருந்தாளே, ஞாபகம் இருக்குதுங்களா? எட்டு வருசமாச்சு. ஒரு கத்திரி காணோம்னு, சந்தை நாளும் அதுவுமா, கடைப் படியில நிக்க வெச்சு அவ பையைக் கொட்டுனீங்க. சோத்து டப்பா, குடை, நாப்கின் பாக்கெட்டு. ஆட்டோக்காரங்க சிரிச்சாங்களாம். தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்கு அழுகைன்னு கேட்டீங்களாம். சாயங்காலம் கத்திரி பரண் மேல கெடைச்சுருச்சு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலீங்க நீங்க.

பயப்படாதீங்க, நான் தூத்துக்குடிக்குப் போகப் போறதில்லீங்க. பத்து வேலை நாளுக்குள்ள எங்க ஆளு யாரும் போய் நிக்கலீன்னா விட்டுருவாங்க. இன்னும் நாலு நாளுங்க. அதுவரைக்கும் நாலு பேரு பாக்க பெட்டியைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுப் பாப்பாங்க. அவ்வளவுதான் நான் கேட்டது. இது ஞாயமான்னு நானும் பல தடவை யோசிச்சுட்டேன். ஞாயமில்லீன்னுதான் தோணுது. ஆனாலும் கடுதாசியைத் திருப்பி வாங்கத் தோணலீங்க.

இல்லீங்க, அவளுக்கு இது தெரியாது. சொன்னா என்னையத்தான் திட்டுவா. கோத்தகிரியில பஸ் இறங்கினா இன்னைக்கும் உங்க தெருவை விட்டுட்டு, ஆஸ்பத்திரி மேட்டைச் சுத்தித்தான் போவா. முட்டி வலியோட.

எனக்கு எப்படித் தெரியுமா? பின்னாலயே குடையைப் புடிச்சுட்டு நானுந்தானுங்க நடக்கறேன். என் சம்சாரமுங்க அவ.