என் கணவரின் குதிரை நிலை

தானாக எழுந்து போகக்கூடிய ஒரு மனிதரை, கயிறும் பூட்டும் இல்லாமல், மனம் கோணாமல் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது எப்படி? எனக்கு வெகுநாள் விடை பிடிபடவில்லை.

அந்த மனிதர் என் கணவர். தங்கமானவர். ஸ்க்ரூடிரைவரைக் கண்டால் மட்டும் கை துறுதுறுக்கும். மிக்ஸியைத் திறந்தார், அது ஊமையானது. இஸ்திரிப்பெட்டியைத் திறந்தார், மிஞ்சிய திருகாணிகள் டப்பாவில் கிடக்கின்றன. பிறகு வாஷிங் மெஷின் நின்றது. எங்கள் வீட்டுக்கு வர இசைந்த ஒரே மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார்: "வரேங்க்கா. ஆனா சார் கிட்ட வந்தா பையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் கையாலதான் துவைக்கணும்."

அப்போதுதான் கணவர் கராத்தேயில் சேர்ந்து, குதிரை நிலை பழகிக்கொண்டிருந்தார். கால்களை அகட்டி, முதுகு நிமிர்ந்து, இல்லாத குதிரைமேல் இருப்பதுபோல் தாழ வேண்டும். முட்டியை மடக்கியதும் பாரம் எலும்பிலிருந்து தொடைச் சதைக்கு மாறுகிறது. அதனால்தான் கால் உரமேறுகிறது. சரியாகத் தாழ்ந்தால் தொடை மேசைபோல் மட்டமாக நிற்கும். நீட்டிய முஷ்டிகளும் அப்படியே.

மெக்கானிக் வந்ததும், "கொஞ்சம் நின்னு காட்டுங்களேன்" என்றேன். நின்றார். முதல் திருகாணி கழன்ற சத்தத்துக்கே எழப் பார்த்தார்.

"அது பெல்ட்டுப்பா. நகரு, நான் பாக்கறேன்" என்றார் மெக்கானிக்கிடம்.

நான் சமையலறைக்குப் போனேன்.

மாலையில் மாமியார் வந்தபோது, அவர் மகன் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளையை என்னடி பண்ணே?"

"பாராட்டினேன் அத்தை."

"ஒரு சொட்டு சிந்தலைம்மா," என்றார் கணவர், பெருமையாக.

மெஷின் சீக்கிரமே சரியாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு சுற்றுத் துணி போட்டேன். அது உலரும்வரை தூங்கினேன். வீடு அவ்வளவு அமைதி. நடுவில் மூக்கு அரிக்கிறது என்றார், சொறிந்துவிட்டேன். எல்லாம் அவர் கால் வலுப்படட்டும் என்றுதான்.

செய்முறை எளிது. நான்கு கோப்பைகளில் கொதிக்கும் தேநீரை விளிம்புவரை ஊற்றி, தொடைக்கு ஒன்று, முஷ்டிக்கு ஒன்று வைக்க வேண்டும். "உங்க மாஸ்டராலகூட இப்படி முடியாது" என்று சொல்ல வேண்டும். ஆறினால் மாற்ற வேண்டும்.