கணுக்கால் என்று எழுதிய நோய்

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, வக்கீலம்மா. கியாண்ட்ரே பாய்கினோடு நான் அவ்வளவு ஒட்டிக்கொண்டது அதனால்தான். மனைவி விட்டுப் போய் ஆறு வருஷம். தோற்கிற அணியின் மேலாளரோடு யாரும் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள். இருபத்தொரு வயது கியாண்ட்ரே மட்டும் சாண்ட்விச்சைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வருவான். எனக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம்.

எங்கள் கூடைப்பந்து அணியை அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு முதல் படி தோற்பது. கடைசியில் நிற்கிற அணிகளுக்குத்தான் அடுத்த ஆண்டு வரும் புதுப் பையன்களில் நல்லவனைப் பொறுக்கும் வாய்ப்பு. அதனால் நன்றாக ஆடுகிறவர்களுக்கு இல்லாத நோயை எழுதி உட்காரவைப்போம். முதுகு, முழங்கால், எது வாய்க்கு வருகிறதோ அது. எல்லா அணியும் செய்வதுதான், ஊரறிந்த ரகசியம். கியாண்ட்ரே களத்தில் இருந்தால் எங்களால் தோற்கவே முடியவில்லை. ஜனவரியில் அவனுக்குக் கணுக்கால் என்று எழுதினேன்.

அந்தச் சாக்கில் எடுத்த பரிசோதனையில்தான் எங்கள் அணி டாக்டர் ஹல்வர்சன் அவன் இதயத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"கோர்டன், இது நிஜம். இனி அவன் ஓடவே கூடாது. ஓடினா ஒருநாள் அங்கயே விழுந்துடுவான்."

"நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்றேன். மறுநாள் அவர் விடுமுறையில் போனார். பரிசோதனைத் தாள் என் மேஜை டிராயரில் இருந்தது.

அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அது கடைசி வாரம். இன்னொரு அணியின் மேலாளர் ஸ்டான் ரிக்கார்டி போன் செய்தார்.

"என்னய்யா, உன் பையனுக்கு நெஞ்சுல ஏதோன்னு காதுல விழுந்துச்சு? போன மாசம் கணுக்கால், இந்த மாசம் நெஞ்சு, அடுத்து என்ன, பிரசவமா?"

நான் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். சிரித்தேன், அவ்வளவுதான். தங்கள் பக்கத்துப் பரிசோதனையே வேண்டாம் என்று, கியாண்ட்ரேயைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ள அவர் கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு, வரும் மூன்று வருஷமும் புதுப் பையன்களில் அவர்கள் முதலில் பொறுக்க வேண்டிய வாய்ப்பு எங்களுக்கு. உண்மை வெளியே போயிருந்தால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

கிளம்புகிற அன்று கியாண்ட்ரே வந்தான். முகம் வாடியிருந்தது.

"சார், அந்த டெஸ்ட்ல ஏதோ வந்துச்சாமே? மாடி ஏறினா படபடங்குது. அம்மா வேற அழுதுட்டே இருக்காங்க."

"டேய், உன் கணுக்காலுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லையே."

"இதுவும் அதே மாதிரிதான். உன்ன உக்கார வைக்க நாங்க கட்டின கதை. போய் ஆடுடா."

"அடச்சே, பயந்தே போயிட்டேன் சார்!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். என்னை ஒருவர் கட்டிக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது. அவன் போன பிறகு வெகுநேரம் அழுதேன்.

அங்கே அவனுக்கு நாலாவது ஆட்டம். வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தை எறிந்தான், விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். அவன் அம்மா லொரெய்ன் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "எல்லாரும் பொய் சொல்றாங்கம்மா, கோர்டன் சார் மட்டுந்தான் உண்மையச் சொல்வார்னு சொல்லிக்கிட்டே இருப்பான்" என்றார்.

அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. அவனிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.