இஞ்சாருங்கோ என்று கூப்பிட்ட காலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். எங்கள் முதியோர் சங்கத்தில் யுத்தத்தைக் கண்டவர்கள் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். மேடையில் ஏறி வாசிக்கச் சொல்ல வேண்டாம். எனக்குக் கூச்சம்.

ஓடுகிறோம். அம்மாவின் இடுப்பில் தம்பி. அவளுடைய மற்றக் கைக்குள் என் மணிக்கட்டு. மணல் ஒழுங்கை. கால் புதைகிறது. அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதுகிறது. நாய்களும் சேர்ந்து ஊளையிடுகின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கத்துகிறார்கள்.

"குழிக்குள்ள போங்கோ! பிள்ளையளைக் கொண்டு குழிக்குள்ள போங்கோ!"

1942. ஏப்ரல் ஒன்பது. வியாழக்கிழமை. திருகோணமலை. காலை ஏழு மணி கழிந்திருந்தது. எனக்கு எட்டு வயது.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் யுத்தம் என்றால் எல்லோரும் ஆமிக்கும் இயக்கத்துக்கும் பிறகு வந்ததைத்தான் நினைப்பார்கள். அதையும் கண்டேன். இது அதற்கு முந்தினது. யப்பான்காரன் வந்த யுத்தம். பங்கர் என்ற சொல் அப்போது எங்களிடம் இல்லை. குழி என்றுதான் சொன்னோம். ஒழுங்கை போய்ப் பெரிய தெருவில் ஏறுகிற இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் கீழே ஆம்பிளைகள் சேர்ந்து வெட்டின குழி. மேலே பனங்குற்றி. அதற்கும் மேலே மண்மூட்டை.

அப்பா கப்பல் துறையில், டொக்யாட்டில் பொயிலர் திருத்துகிறவர். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் கொழும்பில் குண்டு போட்டார்கள். சனங்கள் மாட்டுவண்டியிலும் நடையிலும் ஊரை விட்டுப் போனார்கள். அப்பாவுக்கு லீவு இல்லை. அவரை விட்டுப் போக மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வருஷப்பிறப்புக்கு எல்லோருமாக யாழ்ப்பாணம் போவதாக இருந்தோம். பணியாரத்துக்குப் பயறு வறுத்து வைத்திருந்தாள்.

அப்பா அப்போதுதான் வீட்டை விட்டு இறங்கியிருந்தார். பெரிய தெருவில் போகிறார். வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் தெரு நிறைய. சங்கு கேட்டதும் அவர்களும் ஓடுகிறார்கள். டொக்யாட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். அங்கே சீமெந்தில் கட்டின காப்பிடம் இருந்தது. எங்கள் மண்குழியைவிட அது பத்திரம் என்று நினைத்தார்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அம்மா வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கமிருந்து வருகின்றன. வெள்ளிப் புள்ளிகள். பிறகு பிளேனின் செட்டை தெரிந்தது. சத்தம் முதலில் வண்டு இரைகிற மாதிரி இருந்தது. பிறகு வயிற்றுக்குள் கேட்டது. முன்னுக்கு வந்தவை டொக்யாட் பக்கம் சரிந்தன.

அம்மா நின்றாள். கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ! அங்க போகாதேங்கோ!"

இதை இளம் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். அந்தக் காலத்தில் பெண் புருஷனுடைய பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருடைய ஆயுள் குறைந்துவிடும் என்பார்கள். எல்லா வீட்டிலும் இங்கே பாருங்கோ என்கிற இஞ்சாருங்கோதான். அடுப்படியிலிருந்து கூப்பிட அது போதும். வீட்டில் ஒரு ஆம்பிளைதானே. அன்றைக்கு அம்மா கூப்பிட்டது நடுத்தெருவில்.

மூன்று நான்கு பேர் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. அவருடைய வெள்ளைச் சேட்டின் முதுகு தெரிகிறது. கையில் சாப்பாட்டுத் தூக்கு ஆடுகிறது. நான் அப்பா என்று கத்தினேன். அங்கே நின்ற எல்லாப் பிள்ளைகளும் அப்பா என்றுதான் கத்தின.

"பேரைச் சொல்லிக் கூப்பிடடி! விசரி, பேரைச் சொல்லு!"

அது பக்கத்து வீட்டுச் செல்லம்மா மாமி. எங்களுக்கு முன்னமே குழிக்குள் இறங்கிவிட்டாள். பிறகு தானே அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தியும் பார்த்தாள். குழிக்குள்ளிருந்து கத்தினால் தெருவுக்கு எங்கே கேட்கும்.

அம்மாவின் வாய் திறந்தது. உதடு கூடியது. நான் கீழே நின்று பார்த்தேன். பெயர் வரவில்லை. மறுபடியும் இஞ்சாருங்கோதான் வந்தது. குரல் உடைந்து வந்தது.

திரும்பினவர்களில் ஒருவர் எங்களை நோக்கி ஓடி வருகிறார். அப்பா இல்லை. தம்பையா மாமா. செல்லம்மா மாமியின் புருஷன். என்னையும் அம்மாவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு குழிக்குள் விழுந்தார். மூச்சு வாங்குகிறது. மாமியைப் பார்த்துக் கேட்கிறார்.

"ஏனப்பா கூப்பிட்டனி?"

"நான் எங்க கூப்பிட்டனான்?"

முதல் குண்டு எனக்குக் கேட்கவில்லை. காது அடைத்தது. மண் கொட்டியது. இரண்டாவது கேட்டது. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. பிறகு எண்ணவில்லை. மலைமேல் பீரங்கிகள் டொக் டொக் என்று அடிக்கின்றன. தம்பியின் வாயில் மண். அம்மா விரலை விட்டுத் தோண்டி எடுக்கிறாள். அவன் அழுகிறான். வாய்தான் தெரிகிறது. சத்தம் இல்லை.

வெளியே வந்தபோது பகல் கறுத்திருந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிகிறது. நாட்கணக்கில் எரிந்தது. கறுப்பு எண்ணெய்ப் புகை. வேப்பிலை எல்லாம் உதிர்ந்து கிடந்தது.

டொக்யாட் வாசலுக்குப் போனோம். காவலுக்கு நின்றவர் அம்மாவிடம் புருஷனின் பெயரைக் கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தாள். தம்பையா மாமாதான் சொன்னார். அப்பாவும் கூட ஓடினவர்களும் காப்பிடத்துக்குக் கிட்டப் போய்விட்டார்களாம். உள்ளே போகவில்லையாம். வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரலுக்கூடாக வெள்ளைச் சேட்டுத் துணி தெரிந்தது.

அப்போது அம்மா சொன்னாள். பெயரைச் சொன்னாள். எழும்புங்கோ என்றாள். ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை.

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் லீட்டா இருக்கிறாள். பிலிப்பீன்ஸ்காரி. என்னைவிட இளையவள். ஏப்ரல் ஒன்பது வந்தால் மெழுகுதிரி கொளுத்துவாள். லோண்ட்ரி அறையில் ஒருநாள் ஏன் என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஸ். அதே நாளில் அவளுடைய நாட்டில் பட்டான் என்ற இடத்தில் படை யப்பான்காரனிடம் சரணடைந்ததாம். அதில் அவளுடைய தகப்பன். திரும்பி வரவில்லை. முகமே தெரியாதாம். நான் திருகோணமலை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. 1942 என்றேன். ஒன்பது விரலைக் காட்டினேன். லீட்டா உடுப்புக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அதே காலை மட்டக்களப்புக் கடலிலும் பெரிய கப்பலொன்று குண்டு பட்டு மூழ்கியது. எத்தனை இடம். ஒரே நாள். எங்களுக்கு எங்கள் ஒழுங்கை மட்டும்தான் தெரிந்தது.

இழந்ததைச் சொல்கிறேன். அப்பா. வாடகை வீட்டின் கூரை. வறுத்த பயறு, மண்ணோடு போயிற்று. தம்பியின் இடது காது, பிறகு அது கேட்கவேயில்லை. சாப்பாட்டுத் தூக்கு வந்தது, மூடி வரவில்லை. என் பள்ளிக்கூடம், அது இரண்டு வருஷம் கழித்து. அம்மாவின் குரல். பிறகு அவள் ஒருவரையும் உரத்துக் கூப்பிட்டதில்லை. கிட்டப் போய்த் தோளில் தொடுவாள்.

தப்பியது தம்பையா மாமா. வருஷப்பிறப்புக்கு வருவார். அம்மா தேத்தண்ணி கொடுப்பாள். குடித்துவிட்டுப் போவார். அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேரும் பேசினதில்லை.

திகதி சரி. நேரம் முன்பின் இருக்கலாம். காப்பிடம் எந்தப் பக்கம் என்பதும் எனக்கு வடிவாக நினைவில்லை. படித்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். அன்று டொக்யாட்டில் செத்த தொழிலாளரின் பெயர்களை எங்காவது கல்லில் வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்கு முன்னால் நின்று உரத்து வாசியுங்கள். அப்பாவின் பெயர் வைத்திலிங்கம்.