சத்தம் குறையும் உயரம்

— ரெண்டு மணி நேரமா தண்ணித்தொட்டி உச்சியில, வெயில்ல நிக்கிறீக, பால்சாமியண்ணே. கம்பி சுடலையா?

— யாரது?

— போலீஸுதான். முனீஸ்வரின்னு பேரு. தொப்பி, லத்தியெல்லாம் ஜீப்புலயே வச்சுட்டேன். ஏணிக்கடியில நிக்கிறேன், ஏறி வர மாட்டேன்.

— ஜீப்பு கத்துதே!

— உதயகுமாரு, சைரனை அமத்துப்பா! கூட்டத்தையும் ரோட்டுப் பக்கம் தள்ளிக் கொண்டுபோ!

— அக்கா, எங்கப்பா குடிச்சிருக்காரு. ரெண்டு ஆளு ஏறி இழுத்துட்டு வந்துருங்க.

— மகளா நீயி? என்ன, பட்டுச்சேலையில நிக்கிற?

— ஆமாக்கா, பேரு சுவாதி. இன்னைக்கு என்னையப் பொண்ணு பாக்க வந்திருக்காக, காரியாபட்டியில இருந்து. அந்த வெள்ளைக் காரு அவுகளோடதுதான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— மாத்திரை ஏதும் சாப்பிடுறாரா?

— அதெல்லாம் இல்ல. குடிதான்.

— இழுக்க வேணாம் தாயி. போன வாரம் இதுக்குன்னே எங்களுக்குப் பயிற்சி வச்சாக. எங்க இன்ஸ்பெக்டரு மேசை மேல ஏறி, குதிக்கப் போற ஆளு மாதிரி நடிச்சாரு. நான் படபடன்னு புத்தி சொன்னேன். குதிச்சே புட்டாரு. அதுலேருந்து புத்தி சொல்றதில்ல, கேக்குறதோட சரி.

— கீழ என்ன குசுகுசுன்னு பேச்சு?

— ஒங்க மகளோட பேசிக்கிட்டிருந்தேண்ணே. நேராவே கேக்குறேன், சாகணும்னு ஏறுனீகளா?

— இல்லம்மா. கீழ சத்தம் ஜாஸ்தி. மேல போனா கொறையும்னு ஏறுனேன்.

— என்ன சத்தம்?

— மூணு பேரு பேசுறாங்ய. ஒனக்குக் கேக்கல?

— எனக்குக் கேக்கலண்ணே. ஒங்களுக்குக் கேக்குதுன்னா நம்புறேன். ஏறுனதுக்கப்புறம் கொறஞ்சுச்சா?

— ஒருத்தன் நின்னுட்டான்.

— அட! எவன்?

— பாட்டுப் படிக்கிறவன். அவன் நல்லவன். வையிற ரெண்டு பேரும் கூடவே ஏறிட்டாங்ய.

— என்னன்னு வையிறாங்ய?

— 'குடிகாரப் பயலே, குதிடா'ங்கிறாங்ய. நீங்களும் அதத்தான சொல்வீக? முந்தி ஒருக்கா வந்த போலீஸு வாயை ஊதச் சொல்லிட்டு அறைஞ்சாக.

— நான் ஊதச் சொல்லலையே. நீங்க எறங்குறதுக்கு நான் என்ன செய்யணும்ணே?

— நான் குடிச்சதே இல்லன்னு ஒருத்தராச்சும் சத்தமாச் சொல்லட்டும். நீ சொல்லாத, ஒனக்குத் தெரியாது. வீட்டாளு சொல்லணும்.

— சுவாதி, கேட்டியா?

— அக்கா, குடின்னா பொறுத்துக்குவாக. மாப்பிள்ளையோட அப்பாவே குடிக்கிறவருதான். இன்னொன்னைச் சொன்னா காரு கெளம்பிரும்.

— எந்த இன்னொன்னு?

— வேணாங்க்கா.

— ஒன்னைய நான் கட்டாயப்படுத்தல. இந்த எடத்துல என்ன சொல்லணும்னு பயிற்சியில எனக்கும் சொல்லித் தரல.

— போலீசம்மா, கை எரியுது. விட்டுரட்டா?

— விடாதீகண்ணே! துண்டைக் கம்பியில சுத்திப் பிடிங்க! என்னையப் பாருங்க!

— அப்பா! பிடிச்சுக்கப்பா! ஏங்க, காரியாபட்டிக்காரகளே, எறங்கி வந்து கேளுங்க! எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவருக்கு மனசு சுகமில்ல, பதினோரு வருசமா மாத்திரையிலதான் நல்லா இருந்தாரு. ஒங்க கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு, நீங்க வர்றதாச் சொன்னதுலேருந்து அஞ்சு நாளா மாத்திரையைக் குடுக்காம ஒளிச்சு வச்சிருக்கேன், நான்!