கீழே வைக்காத சொல்

— ஆட்டோக்கார ஜெஃப்ரி போனை எடுக்கவே இல்லை, குஜா.

— இந்த மழையில பெருங்களத்தூர்ல எங்கேயாவது மாட்டிண்டிருப்பான். நீங்க உட்காருங்கோன்னா.

— எப்படி உட்கார்றது? பத்து மணிக்கு தாம்பரத்துல உனக்கு டயாலிசிஸ். லிஃப்ட் ரிப்பேர்காரனைக் கேட்டா இன்னும் பார்ட் வரலைங்கறான். உன் கால் இட்லி மாதிரி வீங்கியிருக்கு.

— இட்லி ஞாபகம் மட்டும் போகாது உங்களுக்கு. காலம்பற கம்ப்யூட்டர்ல பசங்களுக்கு, தூக்கறது சுமக்கறதுன்னு என்னமோ பாடம் எடுத்தேளே, அதைச் சொல்லுங்கோ.

— இப்பவா?

— மூணாவது மாடியில உட்கார்ந்துண்டு வேற என்ன பண்றது?

— 'பெர்'னு ஒரு வேர். சுமக்கறதுன்னு அர்த்தம். ஆறாயிரம் வருஷம் முந்தி யாரோ பேசினது, எழுதி வைக்கலை. பேரன் பேத்தி ஜாடையை வெச்சு தாத்தா மூஞ்சியை வரையற மாதிரி, ஊகிச்சதுதான்.

— பேரன் பேத்தியெல்லாம் யாரு?

— ஸம்ஸ்க்ருதத்துல பரதி. கிரேக்கத்துல ஃபெரோ, லத்தீன்லயும் ஃபெரோ. இங்கிலீஷ்ல பிறப்புங்கற பர்த், சுமைங்கற பர்டன்… இரு, ரிங் போறது. ம்ஹும். எடுக்கலை.

— நாம சொல்ற பாரம்?

— அதுவும்தான். ஸம்ஸ்க்ருதம் வழியா நம்மாத்துக்கு வந்தது.

— அப்போ நானும் அந்தக் குடும்பம்தான்.

— அசடு. பர்த்தாவும் அதே வேர்தான். சுமக்கறவன்.

— சுமந்தேளே, போன தடவை! ஜெஃப்ரி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், நடுவுல பிளாஸ்டிக் நாற்காலியில நான். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நெஞ்சைப் பிடிச்சுண்டு சுவத்துல சாஞ்சேள்.

— கொஞ்சம் மூச்சு வாங்கித்து. அவ்வளவுதான்.

— உங்களுக்கு பைபாஸ் பண்ணின டாக்டர் ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கப்படாதுன்னார். நான் வாளியைவிட லேசா?

— வாட்ச்மேனைக் கூப்பிடறேன்.

— பாவம், அவருக்கே குடலிறக்கம்.

— அப்போ நான்தான் தூக்கணும். ஒரு தடவை டயாலிசிஸை விட்டாலே நுரையீரல்ல நீர் கோத்துக்கும்னு உன் எதிர்லதானே சொன்னா?

— தெரியும். ஏன்னா, அந்த வார்த்தை இத்தனை நாள் எப்படிச் சாகாம இருந்தது?

— ஒருத்தர் வாயிலேர்ந்து அடுத்தவா வாய்க்குத் தூக்கிண்டே வந்தா. யாரும் கீழே வைக்கலை… ஏன் எடுக்க மாட்டேங்கறான் இந்தப் பிள்ளை?

— அவனைத் திட்டாதேள். நீங்க பாடம் எடுத்துண்டிருக்கறச்சே வந்தான்.

— வந்தானா? எங்கே?

— போகச் சொல்லிட்டேன். இனிமே வரவேண்டாம், அவர் கூப்பிட்டா போனை எடுக்காதேன்னு சத்தியம் வாங்கிண்டேன். அழுதுண்டே இறங்கினான், பாவம்… சொல்லுங்கோன்னா, பாரசீகத்துல அதை எப்படிச் சொல்வா?